மருதமடுவில் வந்திறங்கும் நாள்

அரசர் முடிசூடிய நாளையும் படைகள் மோதிய நாளையும் வரலாற்று நூல்கள் தவறாது குறித்துவைக்கின்றன. ஒரு குடியானவன் தன் மனைவி மக்களை வண்டியிலேற்றிக்கொண்டு, காடு கடந்து சென்று, சில நாள் தங்குவதற்கென ஓரிடத்தில் வந்திறங்கிய நாளை எந்த நூலும் குறிப்பதில்லை. ஆயினும் அக்குடும்பத்தின் நினைவில் நீடித்து நிற்பது அந்த நாளேயாகும். "நாங்கள் மடுவுக்குப் போன வருஷம்" என்று தொடங்கி, அதனைக் கொண்டே ஒரு பிள்ளையின் பிறப்பையும் ஒரு வயலின் விளைவையும் கணக்கிட்ட ஆச்சிமார் வன்னிக் கிராமங்களில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய நாட்காட்டியில் அது ஓர் ஆண்டின் பெயர்.

விடுமுறை என்னும் சொல்லே உழவனுக்குப் புதியது. விதைப்பும் அருவிவெட்டும் சூடடிப்பும் அவனுடைய ஆண்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவற்றின் நடுவே, குடும்பம் முழுவதும் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் புறப்படுவதற்கு அவனுக்குக் கிடைத்த நியாயமான காரணம் கோயில் திருவிழா ஒன்றுதான். வைகாசியிலே முல்லைத்தீவுப் பக்கத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வண்டிகள் திரளும். ஆனியிலும் ஆவணியை அண்டியும் மருதமடு மாதாவின் திருவிழாக்களுக்கு வண்டிகள் திரளும். வன்னி மக்கள் ஓய்வையும் வழிபாட்டையும் வெவ்வேறாகப் பிரித்தறிந்ததில்லை. நேர்த்திக்கடன் கழிந்தது, நெடுநாள் காணாத உறவினரைக் கண்டதும் ஆயிற்று, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பொருளும் கிடைத்தது. மூன்றும் ஒரே பயணத்தின் பயன்கள்.

மருதமடு இன்று மன்னார் மாவட்டத்துள் அடங்கியது. எனினும் நிலத்தின் இயல்பால் அது வன்னிக் காட்டின் ஒரு பகுதியே. கிழக்கிலிருந்து செல்வோருக்கு வவுனியாவே அதன் வாயில். வவுனியாவிலிருந்து மேற்கே செல்லும் பாதை பறையனாலங்குளத்தில் மதவாச்சி – மன்னார்ப் பெருந்தெருவோடு சேர்கிறது. அத்தெருவில் மடுச்சந்தியை அடைந்து வடக்கே திரும்பினால், ஏழெட்டு மைல் காட்டுவழிக்கு அப்பால் கோயில் தெரியும். மருத மரமும் மடுவும் சேர்ந்து அமைந்த பெயர் அது. மடு என்பது ஆழமான நீர்நிலை. வறண்ட நாட்டில் நிழல்தரும் மரமும் நீரும் ஒருங்கே உள்ள இடத்தில் மனிதர் வந்து தங்குவது இயற்கையே. ஆனால், அங்கு முதன்முதல் வந்து தங்கியவர்கள் விழாக் காண வந்தவர்களல்லர். உயிரையும் விசுவாசத்தையும் காத்துக்கொள்ள ஓடிவந்தவர்கள்.

1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. புதிய ஆட்சியாளர் சீர்திருத்தக் கிறிஸ்தவர். கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடைசெய்தார்கள். சுவாமிமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அந்நிலையில், 1670ஆம் ஆண்டளவிலே மாந்தையில் வாழ்ந்த இருபது குடும்பத்தினர், தங்கள் ஆலயத்திலிருந்த மாதாவின் திருச்சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தார்கள் என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய வேறு பல கத்தோலிக்கரும் அவர்களோடு மருதமடுவிற் கூடினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒல்லாந்தரின் கை கடற்கரையில் வலிமையாகவும் காட்டினுள்ளே தளர்ந்தும் இருந்தது. யானையும் கரடியும் காய்ச்சலும் நிறைந்த அக்காடே அடைக்கலமாயிற்று. மருதமடுவின் முதல் வருகை நாளில் மேளமில்லை, கொடியில்லை. ஒரு குடும்பம் மூட்டையை இறக்கிவைத்து, "இங்கே இருக்கலாமா?" என்று சுற்றுமுற்றும் பார்த்த நாள் அது.

பின்பு 1687இலே கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, யோசேவ்வாஸ் முனிவர் இலங்கைக்கு வந்தார். கூலிக்காரர் வேடம் பூண்டு கரையேறிய அவர், மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை ஊரூராகத் தேடிச் சென்றார். 1711இல் கண்டியில் உயிர்நீத்த அவரது காலடி மடுவிலும் பட்டது என்பது மரபு. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முற்றாக நீங்கியது. 1806இல் ஆங்கில ஆட்சியாளர் கத்தோலிக்கர்மீது இருந்த சட்டத்தடைகளை அகற்றினர். அதன்பின் ஒளித்துவைத்த சுருபம் வெளிப்படையான வழிபாட்டுக்குரியதாயிற்று. ஒளிந்திருக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இப்பொழுது ஊரறியப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். 1872இலே யாழ்ப்பாண மேற்றிராணியாராயிருந்த பொஞ்சீன் ஆண்டகை புதிய கோயிலுக்கான வேலையைத் தொடக்கினார்.

இனி, மாட்டுவண்டிக் காலத்து வருகை நாள் எவ்வாறிருந்தது என்பதைக் காண்போம்.

யூலை 2ஆந் தேதி பெருவிழா. அதற்கு ஒன்பது நாள் முன்னதாக, யூன் 23ஆந் தேதி கொடியேறும். வவுனியாப் பகுதிக் கிராமமொன்றிலிருந்து புறப்படும் குடும்பம், வசதிக்கேற்ப நவநாளின் நடுவிலோ கடைசி மூன்று நாளுக்கோ சென்றுசேரும். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே வீட்டில் அடுக்களை வேலை பெருகிவிடும். அரிசியைக் குற்றிப் புடைப்பார்கள். மாவை வறுத்து அரிப்பார்கள். மிளகாய்த்தூளும் புளியும் உப்பும் தனித்தனி முடிச்சாகும். புழுக்கொடியலும் பனாட்டும் ஓலைப்பெட்டியில் ஏறும். பானை சட்டிகளை வைக்கோலுக்குள் புதைத்து வண்டியின் பின்புறத்தில் வைப்பார்கள். கிடுகு, பாய், கயிறு, கத்தி, வாளி, இலாந்தர் என்று ஒவ்வொன்றாக எண்ணி ஏற்றுவது வீட்டுக்கு மூத்தவரின் கடமை. காட்டிலே கடை கிடைக்கும் என்று நம்பி எவரும் புறப்படுவதில்லை.

ஒற்றை வண்டி புறப்படுவதுமில்லை. யானைக்கு அஞ்சி ஐந்து பத்து வண்டிகள் ஒன்றாகவே செல்லும். வெயில் தாழ்ந்த பின் ஓட்டி, இரவில் குளக்கட்டு ஒன்றின் அருகே அவிழ்த்துவிட்டு, விடியுமுன் மறுபடியும் பூட்டுவார்கள். அது பாலைப்பழக் காலம். வழியோர மரங்களிலிருந்து பழம் உலுப்பித் தின்ற பிள்ளைகளின் உதடுகள் பால் பிசினால் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள்; பின்பு தாங்களும் கைநீட்டுவார்கள். சோளகக் காற்று புழுதியை வாரியடிக்கும். வெள்ளை வேட்டி செம்மண் நிறமாகும். முன்வண்டியிலே ஒருவர் செபமாலையைத் தொடங்க, பின்வண்டிகள் மறுமொழி சொல்லும். மாடுகளின் மணியொலி அதற்குத் தாளமாயமையும்.

காட்டின் நடுவே கோயில் முகப்பு முதன்முதல் தென்படும் இடத்தில் வண்டி நிற்கும். ஆண்கள் தலைப்பாகையை அவிழ்ப்பார்கள்; பெண்கள் முக்காடிடுவார்கள்; ஆச்சி வண்டியிலிருந்து இறங்கி, எவ்வளவு முதுமையாயினும், எஞ்சிய தூரத்தை நடந்தே செல்வாள். ஆனால் வந்தவுடனே கோயிலுக்குள் நுழைவது எல்லாக் குடும்பங்களுக்கும் இயல்வதன்று. முதற்கவலை இடம்பிடித்தல். நிழல் தருவது எந்த மரம்? கிணறு எவ்வளவு தூரம்? சென்ற ஆண்டு இருந்த பாலைமரத்தடி வெறுமையாயிருக்கிறதா, அல்லது வேறொருவர் அடுப்பு மூட்டிவிட்டாரா? இவ்வினாக்களுக்கு விடை காணும்வரை ஐயாவின் முகத்தில் சிரிப்பு வராது. ஒரே மரத்துக்கு இரு குடும்பம் உரிமை கூறுவதும் உண்டு. சிறிது நேரம் சொல்லெறிதல் நிகழும். பின்பு எவராவது ஒருவர், "மாதாவின் முற்றத்தில் சண்டையா?" என்று கேட்பார். மரத்தின் கிழக்குப் பக்கம் ஒருவருக்கும் மேற்குப் பக்கம் மற்றவருக்குமாகப் பிரிவினை முடியும். மாலையில் அவ்விரு வீட்டாரும் ஒரே தணலில் நெருப்பெடுப்பார்கள்.

இடம் உறுதியானதும் தடிகள் நடப்பட்டுக் கிடுகு வேயப்படும். மாமிமார் அடுப்புக்கு மூன்று கல் தேடுவார்கள். இளைஞர் தண்ணீருக்கு வாளியுடன் போவார்கள். கோடைக் கிணற்றில் நீர் ஊறி வருவதற்குக் காத்திருக்கும் வரிசையிலேயே முதல் நட்புகள் தோன்றும். சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்த சிங்களக் குடும்பத்தினர் அதே வரிசையில் நிற்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறை. ஆயினும் கயிறு அறுந்த வாளியை எடுத்துக்கொடுக்க இலக்கணம் வேண்டியதில்லை. கருவாட்டுப் பொதி ஒன்று இந்தப் பக்கம் வரும். புழுக்கொடியல் கட்டொன்று அந்தப் பக்கம் போகும். அந்நாளிலே பூசை இலத்தீனில் நடந்தது. இருவருக்கும் அது தாய்மொழியன்று. ஆகையால் எவரும் அந்நியரல்லர். 1960களின் பின்னரே பூசை தமிழிலும் சிங்களத்திலும் நடைபெறலாயிற்று.

வருகை நாளின் மற்றொரு கடமை மடு மண்ணை எடுத்து வருதல். கோயிலடி மண் பாம்பு நஞ்சுக்கு மாற்று என்பது மக்களின் நம்பிக்கை. பாயை விரிக்குமுன் அம்மண்ணை ஒரு சிமிழில் எடுத்துவந்து கொட்டிலைச் சுற்றித் தூவுவார்கள். சருகும் வேரும் நிறைந்த நிலத்தில், கைக்குழந்தையை அருகே கிடத்தி உறங்கவேண்டிய தாயின் அச்சத்தை எண்ணிப்பார்த்தால், அந்தச் செயலின் பொருள் விளங்கும். மருத்துவமனை அருகில் இல்லாத காலத்தில் அவள் கையிலிருந்த காவல் அதுவே. சைவக் குடும்பங்களும் இம்மண்ணைக் கொண்டுபோய் வீட்டிலே வைத்துக்கொள்வதுண்டு. நேர்த்தி வைத்து விழாவுக்கு வருவதும் உண்டு.

இவையெல்லாம் முடிந்து, கிணற்றடியில் குளித்து, பெட்டகத்திலிருந்த நல்ல உடுப்பை உடுத்தி, குடும்பம் கோயிலுக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருக்கும். இரவில் கொட்டிலுக்குத் திரும்பிச் சோற்றைப் பகிர்ந்துண்டபின், பிள்ளைகள் மரங்களுக்கிடையே தெரியும் நூற்றுக்கணக்கான அடுப்புத் தீயைப் பார்த்து வியப்பார்கள். காலையில் காடாயிருந்தது, இரவில் நகரமாயிற்று. மதிலில்லாத நகரம் அது. அயல்வீட்டுக்காரர் யாரென்று வந்த பின்னரே தெரியும்.

புகைவண்டி வந்தபின் இந்த நாள் சுருங்கியது. 1905இலே வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவுற்று, வவுனியா ஒரு நிலையமாயிற்று. 1914இலே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த மடுறோட் நிலையம் யாத்திரீகரின் இறங்குதுறையாயிற்று. கொழும்பிலிருந்து இரவில் ஏறியவர் காலையில் அங்கு இறங்கினார். 1924 யூலை 2ஆந் தேதி மாதாவின் திருச்சுருபத்துக்கு முடிசூட்டப்பட்டபோதும், 1944இல் கோயில் அபிஷேகம் செய்யப்பட்டபோதும் கூட்டம் பன்மடங்கு பெருகியது. பின்பு பஸ்வண்டியும் லொறியும் வந்தன. இரு நாட் பயணம் இரு மணி நேரமாயிற்று. பாலைப்பழம் உலுப்ப எவருக்கும் நேரமில்லை. ஆயினும் இறங்கியவுடன் மரம் தேடும் வழக்கமும், வாளியோடு வரிசையில் நிற்கும் வழக்கமும் மாறவில்லை.

ஏறக்குறைய இதே காலத்தில் மேல்நாடுகளிலே வேறொரு வகையான வருகை நாள் உருவாகியது. 1936இல் பில்லி பட்லின் என்பவர் இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரு விடுமுறை முகாமைத் திறந்தார். 1938இலே சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. 1955 யூலை 17ஆந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே வோல்ட் டிஸ்னி அமைத்த டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அன்று வெயில் கடுமையாயிருந்தது. கள்ளச் சீட்டுகளால் கூட்டம் அளவுக்கு மிஞ்சியது. புதிதாக இட்ட தார் இளகியது. 1971 அக்டோபரில் புளோரிடாவிலே திறந்த டிஸ்னி உலகம் தங்கும் விடுதிகளையும் உள்ளடக்கியிருந்தது. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அத்தகைய இடத்தில் வந்திறங்கும் நாள் பழக்கமானதே. அங்கும் தந்தை இடத்தைத் தேடுகிறார். தாய் பொதிகளை எண்ணுகிறாள். பிள்ளைகள் பொறுமையிழந்து கைபிடித்து இழுக்கிறார்கள். மனித இயல்பு ஒன்றே.

வேற்றுமை ஒன்றுண்டு. அந்தப் பூங்காக்களில் நுழைய வாயிற்சீட்டு வேண்டும். மாலையில் வாயில் மூடப்படும். மகிழ்ச்சியை விலைக்கு ஏற்றவாறு ஒழுங்குசெய்து தருவது அவற்றின் திறமை. அதில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. மருதமடுவிலோ வாயிற்சீட்டு இருந்ததில்லை. வருபவர் தம் கூரையைத் தாமே கொண்டுவந்தார். அங்கு கிடைத்த வசதி குறைவு. ஆனால் "நீ யார், ஏன் வந்தாய்?" என்ற கேள்வி கேட்கப்படாத நிலம் அது. அந்தப் பண்பின் அருமை, விழா இல்லாத ஒரு காலத்திலேதான் முற்றாக விளங்கியது.

1990இலே போர் வடக்கை மூடியது. வவுனியாவுக்கு அப்பால் யாழ்ப்பாணப் புகையிரதம் ஓடவில்லை. மன்னார்ப் பாதையிலும் சேவை நின்றது. தண்டவாளங்களைப் பற்றைக்காடு மூடியது. அந்த ஆண்டிலிருந்து மடுக்கோயில் வளாகம் இடம்பெயர்ந்தோரின் அடைக்கலமாயிற்று. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பு அங்கு ஒரு நிவாரண நிலையத்தை நடத்தியது. குடும்பங்கள் மறுபடியும் வந்திறங்கின. மறுபடியும் மரம் தேடினார்கள், தடி நட்டார்கள், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள், கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள். செய்கை ஒவ்வொன்றும் திருவிழா நாளின் செய்கையே. முன்பு யாத்திரீகராய் வந்தபோது கற்ற வித்தை, அகதியாய் வந்தபோது உதவியது. வேறுபட்டது ஒன்றுதான்: திரும்பிப்போகும் தேதியை எவரும் அறியார். யாத்திரீகர் கிடுகை நான்கு நாளுக்கென்று கட்டினார். இவர்கள் கட்டிய கிடுகு இற்றுப்போய், மறுபடியும் வேய்ந்து, மறுபடியும் இற்றது. அங்கு பிறந்த பிள்ளைகளுக்கு வருகை நாள் என்று ஒன்றே இல்லை.

1999 நவம்பரில் அவ்வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தோரில் 40 பேர்வரையில் மாண்டார்கள். மூன்று நூற்றாண்டுகளாக இருந்த அடைக்கலத்தின் எல்லையை அந்த நாள் காட்டியது. 2002இல் போர் ஓய்ந்தபோது வவுனியா வழியாகவும் மன்னார் வழியாகவும் யாத்திரீகர் பெருந்தொகையாக வந்தனர்; பல்லாண்டு காணாத சிங்கள அயலவர் மறுபடியும் மரத்தடிகளில் இறங்கினர். அந்த ஓய்வு நிலைக்கவில்லை. 2008 ஏப்ரலிலே திருச்சுருபமே இடம்பெயர்ந்தது. சுவாமிமார் அதனைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றார்கள். மாந்தையிலிருந்து காட்டுக்குத் தூக்கிவரப்பட்டது, காட்டிலிருந்து கடற்கரைக்குத் தூக்கிச் செல்லப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டு, 2009இலே, போரின் முடிவில் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியது செட்டிகுளத்துப் பகுதியில் அமைந்த மெனிக் பாம். மடுவுக்கு வண்டிகள் சென்ற பழைய திசையிலேயே, காட்டை வெட்டி வெளியாக்கிய நிலத்தில், வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அங்கு மரம் தேர்ந்துகொள்ள இடமில்லை; முட்கம்பி வேலியும் இலக்கமிட்ட வரிசையும் இருந்தன. விருந்தாளியின் வருகைக்கும் ஏதிலியின் வருகைக்கும் உள்ள தூரம், இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையிலும் விரும்பியபோது புறப்படும் உரிமையிலும் அடங்கியிருக்கிறது என்பதை அந்த நிலம் கண்டது. அம்முகாம் 2012இல் மூடப்பட்டது.

2013 மே மாதத்தில் மதவாச்சியிலிருந்து மடுறோட் நிலையத்துக்குப் புகைவண்டி மீண்டும் வந்தது. 2015 ஜனவரி 14ஆந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் காலையில் கொழும்பிலே யோசேவ்வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்து, பிற்பகலில் மடுவுக்கு வந்தார். மாறுவேடத்தில் வந்த முனிவரின் பெயர், மூன்று நூற்றாண்டுக்குப்பின் அதே காட்டில் ஒலிபெருக்கியில் முழங்கியது.

யூலை 2ஆந் தேதி, திருச்சபையின் பழைய நாட்காட்டியின்படி, மரியாள் மலைநாட்டு ஊருக்குப் பயணஞ்செய்து உறவினளான எலிசபெத்தின் வீட்டு வாயிலில் வந்துநின்றதை நினைவுகூரும் நாள். 1969இல் உலகத் திருச்சபை அவ்விழாவை மே மாத இறுதிக்கு மாற்றியபோதும், மடு தன் பெருவிழா நாளை மாற்றவில்லை. வந்தவரை வாயிலில் வரவேற்ற ஒரு வீட்டின் கதையைக் கொண்டாடுவதற்கு, அடைக்கலம் தேடி வந்தவர்களால் உண்டான ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இக்காலத்தில் வவுனியாவிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையிலே வீடு திரும்பிவிடலாம். விடுதிகள் உண்டு, குழாய்த்தண்ணீர் உண்டு, கூடாரத்தைக் கடையில் வாங்கலாம். ஆயினும் பல குடும்பத்தினர் இன்றும் சில நாள் தங்கவே வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளைக்கு அம்மம்மா ஒரு மரத்தைக் காட்டுகிறாள். அந்த மரத்தடியில் தான் சிறுமியாய் வந்து விளையாடினாளா, அல்லது தாயாய் அகதிக் கூடாரத்தில் இருந்தாளா என்று பிள்ளை கேட்கிறது. இரண்டும் என்று அவள் விடை கூறுகிறாள். பின்பு வாளியை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் கொண்டுவரும்படி அனுப்புகிறாள். வரிசையில் முன்னுக்கு நிற்பவர் முதியவராயிருந்தால் அவருடைய வாளியையும் சேர்த்து நிரப்பிக்கொடுக்கும்படி சொல்லியனுப்புகிறாள்.